நிற்காமல் ஓடும் பட்டியல்

தான் கண்ணால் பார்க்காததை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிற ஆளை ஒத்துக்கொள்ள வைப்பதுதான் புரோகிராம் கோளாறைப் பற்றி பக் ரிப்போர்ட் எழுதுகிறவன் பிழைப்பு. பெரம்பலூரில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். புரோகிராம் எழுதும்போது இரண்டு எழுத்து அடித்தால், மீதிச் சொல்லைப் பட்டியல் போட்டு நீட்டும் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷனை எங்கள் கம்பெனி விற்கிறது. செய்வது சென்னை டீம், திட்டு வாங்குவது நான். புகார் வாங்கும் வேலையில் இருக்கிற சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

படம் அனுப்புங்க

திருமானூரிலிருந்து தமிழரசி என்பவர் போன் செய்தார். ஸ்கூட்டி விபத்துக்குப் பிறகு அவருக்கு வலது கை வேலை செய்யாது. வீட்டிலிருந்தபடி இடது கையால் மட்டும் புரோகிராம் எழுதுகிறவர். ஒரு மாதம் பார்ப்போம், மற்றவர்கள் வேகத்துக்கு வராவிட்டால் வேலை இல்லை என்று அவருடைய கம்பெனி சொல்லியிருந்தது. எங்கள் பட்டியல் கைகொடுத்தால் அவரால் ஈடுகொடுக்க முடியும். புது வெர்ஷனில் அது வந்த வேகத்தில் மறைந்துவிடுகிறதாம்.

சென்னைக்காரர்கள் படம் இல்லாத புகாரைத் தொடக்கூட மாட்டார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க என்றேன்.

"பட்டனை அமுக்குறதுக்குள்ள அது ஓடிப்போயிடுது சார். நிக்கிற சாமானா இருந்தா நான் எதுக்கு உங்களுக்குப் போன் பண்றேன்?"

எங்களுக்கு வரவில்லை

என் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தேன். பட்டியல் வந்தது, சொல்லைத் தேர்ந்தெடுக்கும்வரை ஒழுங்காக நின்றது. பக்கத்து சீட்டு செந்திலுக்கும் அப்படித்தான். இருந்தாலும் அவர் சொன்னதை எழுதி அனுப்பினேன். சென்னையில் ஹரி என்கிற டெவலப்பர் 'எங்களுக்கு வரவில்லை' என்று போட்டுப் புகாரை மூடினார். நான் திறந்தேன், அவர் மறுபடி மூடினார். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் வலி நின்றுவிடுமே, அந்தக் கொடுமை உங்களுக்கும் தெரிந்திருக்கும். தமிழரசியிடம் விஷயத்தைச் சொல்லவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

"அவங்களுக்கு வரலன்னா என் வூட்லயும் வராதுன்னு எழுதித் தருவாங்களா சார்?"

வலது கை பாக்கெட்டில்

மனசு கேட்கவில்லை. அரியலூர் போய், பஸ் மாறித் திருமானூர் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. இரண்டு எழுத்தை அடித்துவிட்டு, பட்டியலிலிருந்து சொல்லைத் தேர்ந்தெடுக்க அவருடைய இடது கை கீபோர்டின் வலது கோடிக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகிறது. அந்த இடைவெளியில் பட்டியல் தானாக மூடிக்கொள்கிறது. இரண்டு கையாலும் தடதடவென்று அடிக்கும் எங்களில் யாரும் அப்படி ஒரு இடைவெளி விட்டதே இல்லை.

ஆபீஸ் வந்து, வலது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு அடித்தேன். பட்டியல் ஓடியது. செந்தில் அதை வீடியோ எடுத்தான். பக் பிடிபட்டதில் எனக்கு ஒரே சந்தோஷம். எதற்குச் சந்தோஷப்படுகிறோம் என்று அப்புறம்தான் உறைத்தது. வீடியோவைப் பார்த்துவிட்டு ஹரி கூப்பிட்டார்.

"வருது சார், ஒத்துக்கறேன். ஆனா இப்படி யாரு சார் டைப் பண்ணுவாங்க?"

அப்டேட் வந்தாச்சு

யார் என்று சொன்னேன். ஹரி உடனே புகாரை மறுபடி திறந்தார். கெட்ட மனிதர் இல்லை, அன்றே திருத்திவிட்டார். பட்டியல் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும், மாற்றம் அவ்வளவுதான். ஆனால் ஒரு புகாருக்காகத் தனியாக அப்டேட் விட மாட்டார்கள். பெரிய கஸ்டமர்கள் கேட்டதெல்லாம் முடிந்து, எல்லாம் சேர்ந்துதான் வெளியே வரும். நான் மெயில் மேல் மெயில் போட்டேன். அதற்குள் தமிழரசிக்குக் கொடுத்த ஒரு மாதம் முடிந்துவிட்டது.

அப்டேட் வந்த அன்று அவருக்கே முதலில் போன் செய்தேன். இனிமேல் ஓடாதுங்க என்றேன். அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

"சந்தோஷம் சார். கம்பெனி குடுத்த லேப்டாப்ப அவங்களே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. வேற யாராச்சும் ஒத்தக் கையால அடிக்கிறவங்க இருந்தா அவங்களுக்கு ஆகும்ல."

எங்கள் ஆபீஸ் கணக்கில் இது வெற்றிகரமாக முடித்துவைக்கப்பட்ட புகார்.