அப்பாவின் கோணல் மூக்கு

நான் நார்த்தாமலைப் பக்கம் ஜல்லி லாரி ஓட்டுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. என் வீட்டுக்காரி செய்த ஒரு தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் பாலிமர் க்ளேயில் பொம்மை செய்வாள். செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. பிசைந்த மாவு மாதிரி இருக்கும் அது. சுடாத வரைக்கும் காயாது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கேக் சுடுகிற சின்ன ஓவனில் வைத்து எடுத்துவிட்டால் கெட்டி. அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. கீரனூர் பஸ் கண்டக்டர் ஒருவரைக் கட்டைவிரல் உயரத்துக்குச் செய்தாள். விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகூட இருந்தது.

என் ஆத்தாவுக்கு அதெல்லாம் சொப்பு விளையாட்டு. வாய்விட்டே சொல்லும். அப்படிப்பட்டது, ஒரு நாள் மருமகளிடம் போய் அப்பாவைச் செய்து தரச் சொன்னது. அவர் முகம் மறந்துகொண்டே வருகிறதாம்.

எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அப்பா போய்விட்டார். அவள் அவரைப் பார்த்ததில்லை. இருப்பது ஒரே படம். அவர் இறந்தபின் ஸ்டுடியோவில் பெரிதாக்கிக் கொடுத்தது. அதைப் பார்த்துத்தான் செய்தாள். சமையல் முடித்துவிட்டு உட்காருவாள். நெற்றிச் சுருக்கம் ஊசியால். மீசை பல்குச்சியால். படத்தில் காது சரியாகத் தெரியவில்லை என்று என்னை உட்கார வைத்து என் காதைப் பார்த்தாள். எலுமிச்சம்பழ அளவுத் தலை. அப்படியே படத்தில் இருக்கிறவர்தான்.

ஆத்தாவிடம் காட்டினாள். ஆத்தா வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"இது யாரு? இந்த மூக்க நான் பாத்ததே இல்ல. நான் வாக்கப்பட்டு வந்தப்பவே அவருக்குக் கோணதான்."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. வாலிபத்தில் மஞ்சுவிரட்டில் மாடு முட்டிய மூக்கு. ஸ்டுடியோக்காரர் அழகுக்காக நேராக்கிவிட்டார். தினமும் அந்தப் படத்தையே பார்த்து, பெற்ற பிள்ளை எனக்கே மறந்துவிட்டது.

இவள் முகம் சுண்டிப்போகும் என்று நினைத்தேன். இல்லை. ஈரத்துணியால் ஆத்தாவின் கையைத் துடைத்துவிட்டாள்.

"இன்னும் சுடல அத்தை. நீங்களே வளைங்க."

"கெட்டுப்போனா?"

"போனா என்ன. நான் இருக்கேன்ல."

ஆத்தா கண்ணை மூடிக்கொண்டது. கட்டைவிரலால் மெல்ல அழுத்தியது. பிறகு இன்னும் கொஞ்சம். மூக்கு இடது பக்கம் சாய்ந்தது. கண்ணைத் திறந்து பார்த்தது. அப்பா வந்துவிட்டார்.

சுடுவதற்கு முன் ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் கைரேகை எல்லாவற்றையும் தேய்த்துவிடுவது இவள் வழக்கம். ஒரு கோடு இருந்தாலும் பொறுக்கமாட்டாள். அன்றைக்கு முகம் முழுக்கத் தேய்த்தாள். மூக்கோரத்தை மட்டும் தொடவில்லை. விட்டுவிட்டாயே என்றேன். அது அத்தை போட்டது என்றாள். அப்படியே சுட்டாள். அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. உற்றுப் பார்த்தால் தெரியும்.

நான் பஸ் ஸ்டாண்டில் பூ வாங்கி வந்தேன். ஆத்தா விடவில்லை. பூவெல்லாம் சுவரில் இருக்கிற படத்துக்குப் போடு, இவருக்கு வேண்டாம் என்றது. கட்டிலுக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பாவோடு வைத்துக்கொண்டது.

மருமகளிடம் நல்லா இருக்கு என்று இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் எதிர்வீட்டு அம்மா வந்தால் அப்பாவை எடுத்துக் கையில் கொடுக்கும்.

"எம் மருமக இவரப் பாத்ததே இல்ல, தெரியுமா?"