முன்னால் நடக்க இரண்டு பேர்

எங்கள் சங்கத்துக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. திருப்பூர் நல்லூரில் நான் வாட்ச்மேனாக இருந்த பனியன் கம்பெனியின் கட்டிங் ஹால்தான் இடம். "ஞாயித்துக்கெழம சும்மாதானுங்க கெடக்குது, வந்து உக்காந்து பேசிக்கங்க" என்று முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டார். பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊருக்குப் போய், அங்கே பிழைக்க வழியில்லாமல் தெற்கே இருந்து திருப்பூருக்கு வந்த பதினேழு பேர் நாங்கள். எல்லார் கைக்கும் செல்போன் வராத காலம். பாதிப் பேர் ஏதாவது ஒரு கம்பெனி கேட்டில் நின்றோம்.

சுபேதாரா சிப்பாயா என்பதை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை படா கானா. பட்டாளத்தில் அதிகாரிகள் சிப்பாய்களுக்குப் பரிமாறும் விருந்து அது. எங்களிடம் அதிகாரி ஏது? மூத்தவன் இளையவனுக்குப் பரிமாறினான். ஒரே அண்டாவில் கறிக்குழம்பு. யார் என்ன ஆள் என்று ஒருத்தன் கேட்டதில்லை. அதைச் சொல்லிச் சொல்லி நான் பீற்றிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொரு முறையும் இருந்தது. எங்களில் ஒருவர் இறந்தால், இரண்டு பேர் உடலோடு அவருடைய சொந்த ஊர் வரை போக வேண்டும். பட்டாளத்துத் தொப்பியும் மெடலும் அணிந்து, பெரிய தெரு வழியாகச் சுடுகாடு வரை முன்னால் நடக்க வேண்டும். இந்த முறையைக் கொண்டுவந்தவன் நான். திருப்பூரில் நண்டும் சிண்டும் "யோவ் வாட்ச்மேன்" என்று கூப்பிடும். செத்த பிறகாவது இவன் யாரென்று ஊருக்குத் தெரியட்டும் என்ற ஆத்திரம் எனக்கு.

வயர்லெஸ் பிரிவில் இருந்த ஒருவன் எனக்கு ரொம்ப நெருக்கம். மஞ்சள் காமாலையில் நான் விழுந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரித் தரையில் எனக்காகப் படுத்துக் கிடந்தவன். அவன் மனைவி எங்கள் கம்பெனியில்தான் செக்கிங் வேலை பார்த்தாள். "எனக்கு ஒண்ணுன்னா நீங்கதாண்ணே முன்னால நடக்கணும். ஏமாத்திப்புடாதீங்க" என்பான். "போடா கிறுக்குப்பயலே, எனக்கு நீ நடடா" என்று நான் திட்டுவேன்.

ஒரு காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவன் உடலோடு வேனில் கிளம்பினோம். நானும், மங்கலத்தில் தறிக்கூடத்தில் காவல் இருந்த இன்னொரு உறுப்பினரும், அவன் மனைவியும். தாராபுரம் தாண்டிய பிறகுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"லீவுல வந்தப்ப ஒரு நா, யூனிபார்மோட பெரிய தெருவுல சைக்கிள்ல போனாருண்ணே. எறக்கி உருட்டிக்கிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. எங்க ஆளுக பொணமும் அந்தத் தெரு வழியாப் போனதில்ல. நீங்க முன்னால நடந்தா எவன் மறிப்பான்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அதுக்குத்தாண்ணே சங்கத்துக்கு ஒரு வாரம் தப்பாம வந்தாரு."

"எவன் மறிக்கிறான்னு பாத்துருவோம்மா" என்றேன். சத்தியமாக அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று மணிக்கு வேன் பெரிய தெரு முனையில் நின்றது. ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன். அவர்களில் ஒருவர் சிரித்த முகத்தோடு வந்தார். என் மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன். அவருக்கு இந்த ஊர் என்று எனக்குத் தெரியாது.

"அட, நீங்களா! இவங்களுக்கு வாய்க்கா வழி இருக்கே, டிரைவருக்குத் தெரியாது போல. நீங்க வாங்க, வீட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போவோம்" என்றார். குரலில் கோபமே இல்லை. தோளில் கைபோட்டார்.

வேனுக்குள்ளிருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பில் உப்புக் குறைந்தாலே குதிகுதியென்று குதிக்கிற எனக்கு அன்றைக்கு மகள் கல்யாணம் மட்டும்தான் கண்முன் நின்றது. தொப்பியைக் கழற்றினேன்.

"வாய்க்கா வழியாவே போயிருப்பா" என்று டிரைவரிடம் சொன்னதும் நான்தான்.

மங்கலத்துக்காரர் இறங்கி, வேனுக்கு முன்னால் போய் நின்று, வாய்க்கால் கரையில் தனியாக நடந்தார். நான் காப்பி குடித்தேன்.

அடுத்த ஞாயிறு சங்கத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். போய்வந்தவர் எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். "முறைப்படி அனுப்பி வச்சோம்" என்றேன். மங்கலத்துக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் வரவே இல்லை. நான் மட்டும் ஒரு வெட்கமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தேன்.

கருமாதி முடிந்து அவள் வேலைக்கு வந்தாள். சாயங்காலம் ஷிப்ட் விட்டுப் போகும் பெண்களின் பையைக் கேட்டில் நான்தான் சோதிக்க வேண்டும். அவள் முறை வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ போம்மா" என்றேன். அவள் நகரவில்லை. வரிசை பின்னால் காத்து நின்றது. பையைத் திறந்து என் முன்னால் நீட்டினாள்.

"எல்லார் பையையும் பாக்குறீங்கல்ல. என்னோடதையும் பாருங்க."

அண்ணே என்று கூப்பிடவில்லை.