கொடுவா உதறிய பிறகும்

பர்மாவின் கியாக்தான் ஓடைகளில் கொடுவா மீன் பிடிக்க ஆட்களைப் படகில் கூட்டிப்போவது தேவராஜின் தொழில். பிடித்த மீனைத் திருப்பி விட்டுவிட வேண்டும் என்பது அவன் படகின் சட்டம். அப்படியே வீசிவிடவும் கூடாது. போராடிக் களைத்த மீன் மல்லாந்துவிடும். வாலை ஒரு கையிலும் வயிற்றை மறு கையிலும் ஏந்தி, ஓட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்துத் தாங்க வேண்டும். செவுளில் தண்ணீர் ஏறித் தெம்பு வந்ததும் அதுவாக ஓர் உதறு உதறும். அந்தக் கணமே கையைத் திறந்துவிட வேண்டும்.

"போறேன்னு அது சொல்லியாச்சு. இன்னும் நமக்கென்ன வேலை?" என்பான் வந்தவர்களிடம்.

தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இவன் சம்பான் படகு தள்ளினான். ஒருமுறை சம்பானில் ஏறிய வெள்ளைக்காரர், கோழி இறகு கட்டிய தூண்டில் முள்ளை நீண்ட மெல்லிய கோலால் வீசிக் கொடுவா பிடித்துக் காட்டினார். பிறகு அதுவே இவனுக்குப் பிழைப்பானது. புஷ்பாவைப் பார்த்ததும் அந்தத் தண்ணீரில்தான். ஆற்று நடுவே இருந்த தீவுப் பகோடாவின் படியில் நின்று கெளுத்தி மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

"புடிச்சதத் திருப்பி விடுற பைத்தியம் நீங்கதானா?"

"ஆமா. ஏறுங்க, ஒங்களையும் ஒரு சுத்து கொண்டுபோய்த் திருப்பி விடுறேன்."

"போக மாட்டேன்னு நான் நின்னுட்டா?"

அடுத்த தையில் கல்யாணம்.

க்யிம்யிண்டைங் சந்தைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துக் குடியிருந்தார்கள். அவள் ரவிக்கை தைத்தாள். வெளிநாட்டுக்காரர்கள் வருவது நின்றதும் படகு பெரும்பாலும் கரையிலேயே கிடந்தது. சிங்கப்பூரில் ஒரு வீட்டில் முதியவரைக் கவனிக்கும் வேலைக்குப் போவதாகப் புஷ்பா ஒருநாள் சொன்னபோது, அவன் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவள் பெட்டிக்குக் கயிறு மட்டும் கட்டிக் கொடுத்தான்.

அவள் கிளம்பும் நாளுக்கென்று பார்த்து ஓர் அழைப்பு வந்தது. தேநீர்க்கடைக்கார ஊ தெய்ன், புதிதாகத் தூண்டில் கோல் வாங்கியிருந்தார்.

"முடியாதுன்னு சொல்லிடுறேன்."

"போயிட்டு வாங்க. இங்க இருந்தா பெட்டியப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பீங்க, எனக்கும் அழுக வரும். மத்தியானம் வந்துருங்க, ஏர்போர்ட்டுக்குச் சேந்து போவோம்." கன்னத்தில் பூசிய தநாகாப் பட்டைக் குழம்பு இன்னும் காயவில்லை. "வருவீங்கல்ல?"

"தண்ணி வத்துறதுக்குள்ள வந்துருவேன்."

அவன் சொன்ன அர்த்தம் அவளுக்குத் தெரியும். கடல் வற்றம் வந்துவிட்டால் அந்த ஓடைகள் வெறும் சேறு. உள்ளே மாட்டிய படகு அடுத்த ஏற்றம்வரை அசையாது.

காலை முழுக்க ஒன்றும் கடிக்கவில்லை. திரும்பலாம் என்று அவன் வாயெடுத்தபோது ஊ தெய்னின் கோல் வளைந்தது. பெரிய கொடுவா. ஒருவழியாக அது படகோரம் வந்தபோது, கரையில் ஈரச் சேறு ஒரு முழம் வெளியே தெரிந்தது. தேவராஜ் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் குனிந்து மீனை ஏந்தினான்.

மீன் உதறியது.

அவன் கை திறக்கவில்லை. விரல்களைப் பார்த்தான், யாருடையவோ போல இருந்தன. மறுபடியும் உதறியது. இப்போது விட்டால் போய்விடும், உடனே கிளம்ப வேண்டும், கிளம்பினால் அவள் ஏர்போர்ட்டின் கண்ணாடிக் கதவுக்குள் நுழைவதை நின்று பார்க்க வேண்டும்.

"என்னப்பா தேவா," ஊ தெய்ன் பர்மியில் கேலி செய்தார். "பொண்டாட்டி கையக்கூட இவ்வளவு நேரம் புடிச்சிருக்க மாட்டே!"

புஷ்பா கிளம்புவதை அவரிடம் அவன் சொல்லியிருக்கவில்லை.

வெகுநேரம் கழித்துக் கையைத் திறந்தபோது, தண்ணீர் வற்றி ஓடையின் வாயைச் சேறு அடைத்திருந்தது. மீன் பக்கவாட்டில் நீந்திப்போய் ஒரு குட்டையில் சிக்கியது. படகின் அடி சேற்றில் அமர்ந்தது.

பிற்பகலில் புஷ்பா போன் செய்தாள். பின்னால் விமான அறிவிப்பு கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"சேத்துல. படகு தரை தட்டிருச்சு."

"தண்ணி வத்துறது ஒங்களுக்குத் தெரியாதா?"

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"தெரியும்ல," என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான்.

"மீன் ஒண்ணு, புஷ்பா..."

"விட்டீங்களா அத?"

"விட்டேன்."

"ஒழுங்கா விட்டீங்களா?"

குட்டையில் வெள்ளை வயிறு திரும்பிக்கொண்டிருந்தது. "இல்ல."

"டிக்கெட்டக் கேக்குறாங்க. சோத்துப் பானைய நனையப் போட்டிருக்கேன், கழுவிருங்க." இணைப்பு போய்விட்டது.

தேவராஜ் படகிலிருந்து இறங்கினான். தொடைவரை சேறு. மீனை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னும் ஓட்டம் இருந்த ஆற்றின் ஓரம்வரை போய், அதன் முகத்தை ஓட்டத்துக்கு எதிரே வைத்துத் தாங்கினான்.

"செத்துப்போச்சுப்பா, வா," என்று ஊ தெய்ன் கத்தினார்.

அவன் விரல்களைத் தளர்த்தி வைத்துக்கொண்டான், உதறினால் உடனே போகட்டும் என்று. ஏற்றம் வந்து தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. மீன் உதறவேயில்லை.