கல்பெட்டி மேல் ஒரு விருந்து

நூற்பு இயந்திரம் பார்க்கக் கோயமுத்தூரிலிருந்து கப்பலேறி இத்தாலிக்கு வந்த நானும் என் மனைவியும், வோல்டெரா என்ற மலையூரின் அருங்காட்சியகத்தில் நிற்கிறோம். வரிசை வரிசையாகக் கல்பெட்டிகள். ரோமர்களுக்கும் முந்திய எட்ருஸ்கர்கள் இறந்தோரின் சாம்பலை வைத்தவை. ஒரு பெட்டியின் மூடியில் கணவனும் மனைவியும் ஒரே மெத்தையில் சாய்ந்திருக்கிறார்கள்.

காவல்காரக் கிழவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வருகிறது. "இது விருந்து. எட்ருஸ்கர் வீட்டில் மனைவியும் கணவனோடு சேர்ந்துதான் சாப்பிடுவாள்" என்கிறார்.

என் மனைவிக்கு இங்கிலீஷ் தெரியாது. அதில் எனக்கு ஒரு சௌகரியம்.

"புருஷன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருந்து விசிறி வீசுவாளாம், அம்மணி."

அவள் குனிந்து அந்தக் கல்பெண்ணின் கையைப் பார்க்கிறாள்.

"ஏனுங்க, விசிறி எங்கீங்க? கையில இருக்கறது கிண்ணமாட்டத் தெரியுதுங்க."

நான் கூரையைப் பார்க்கிறேன். அவள் கிழவரிடமே திரும்பி, சிலையின் கிண்ணத்தைத் தொட்டுக் காட்டி, தன் வாயருகே கையைக் கொண்டுபோகிறாள். அந்த மனிதர் பலமாகத் தலையாட்டிச் சிரிக்கிறார்.

"அப்ப ரெண்டு பேருக்கும் ஆருங்க பரிமாறுனாங்க?"

"வேலைக்காரங்களா இருக்கும்."

மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் சூப்புச் சட்டியை மேசை நடுவே வைத்துவிட்டுப் போகிறார்கள். கப்பலில்கூட நான் சாப்பிட்டு எழுந்த பிறகே உட்கார்ந்தவள், இப்போது எனக்கு முன்பே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கிண்ணத்தை என் பக்கம் நீட்டுகிறாள்.

"பரிமாறுங்க."