இறக்கத்தில் ஒரு கியர் குறைவாக

ஓட்டோமற்றிக் கார் பழக்குவது சுகமான தொழில் என்று சொல்கிறவர்கள், பிறர் ஓட்டும் காரில் இல்லாத பிரேக்கைக் காலால் தேடியிராதவர்கள். நீங்கள் அப்படியல்ல. மனைவிக்கோ மகனுக்கோ கார் பழக்கி, பக்கத்து இருக்கையில் வியர்த்தவர்கள். அதனால் உங்களிடம் மனம்விட்டுச் சொல்லலாம்.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் யோகராணி அக்காவுக்கு அவர்களுடைய சொந்தக் காரிலேயே பழக்கினேன். அவருடைய கணவர் சிவநாதன் அண்ணை இருபது வருஷம் வான் ஓட்டியவர். கியர் போடாமல் ஓட்டுவது ஓட்டமே இல்லை என்று, ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கிற இரண்டு பேடில் வைத்த காராகப் பார்த்து வாங்கினார். இடதை இழுத்தால் கியர் இறங்கும், வலதை இழுத்தால் ஏறும். வாங்கி மூன்றாம் மாதம் பார்வை மங்கி, லைசென்சைத் திருப்பிக் கொடுத்தார். அதன்பிறகு கண் ஆஸ்பத்திரி தவிர வேறெங்கும் அவர் போகவில்லை. தான் பாஸ் பண்ணினால் மனுசன் வெளியே வருவார் என்று அக்கா நம்பினார்.

மாலை கட்டிய ஸ்டியரிங்

முதல் பாடத்தன்று கார் கோயில் பூசை முடிந்து வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டிப்போய் வந்தாராம். ஸ்டியரிங்கில் சந்தனம், சுற்றிலும் சாமந்தி மாலை. மாலையின் நூல் இடது பேடிலுக்குப் பின்னாலும் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

முதல் வளைவில் அக்கா பயத்தில் மாலையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தார். பேடில் இழுபட்டது. கார் உறுமிக்கொண்டு தயங்கி நின்றது. மாலையைக் கழற்றுவோம் என்றேன். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"கழட்டினால் சாமிக்குக் கோவம், கழட்டாட்டிக் காருக்குக் கோவம். நான் ஆரைச் சமாளிக்கிறது, தங்கச்சி?"

வாசலில் ஒரு காது

அண்ணை பாடத்துக்கு வரவேமாட்டார். நாங்கள் திரும்பும் நேரம் மட்டும் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். மழை தூறினாலும் உள்ளே போகமாட்டார். எங்கோ தூரத்துப் பாட்டைக் கேட்பவர் போல முகம் இருக்கும். ஒருநாள், வந்து ஏறுங்களேன் அண்ணை என்று கூப்பிட்டேன். பக்கத்தில் சும்மா இருக்கத் தன்னால் ஏலாது என்றார். எனக்கு மனம் கஷ்டமாகப் போய்விட்டது. பிறகு, கார் வந்த சத்தத்தை வைத்தே அக்காவுக்குக் குறை சொன்னார்.

"தெரு மூலையில மூண்டாம் கியரில வந்தனீர். இரண்டுக்கு இறக்கியிருக்கோணும்."

மலையிலிருந்து இறங்குதல்

டெஸ்டுக்குப் பேடில் தேவையில்லை. எனக்காக வேண்டாம், அவருக்காகப் பழக்குங்கள் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். ஹாரோ மலைக்குக் கூட்டிப்போனேன். பனிப்புகாரில் கீழே வீட்டுக் கூரைகள் மிதந்துகொண்டிருந்தன. அக்சலறேட்டரை விடுங்கள், இடதை ஒருதரம் இழுங்கள் என்றேன். பிரேக் மிதிக்காததால் பின்னால் வருகிறவருக்குச் சிவப்பு லைட் தெரியாது, ஆகவே முதலில் கண்ணாடியைப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னேன். அக்கா பார்த்தார், இழுத்தார். பிரேக்கைத் தொடாமலே கார் மெல்லத் தன்னை அடக்கிக்கொண்டது. அக்கா வியந்துபோனார்.

"ஆரோ பின்னால நிண்டு சேலைத் தலைப்பைப் பிடிக்கிற மாதிரிக் கிடக்கு."

டெஸ்டுக்குப் பிறகு

இரண்டாவது தடவையில் அக்கா பாஸ் பண்ணினார். அன்று பின்னேரமே அண்ணைக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டு நின்றார். அண்ணை வெகுநேரம் யோசித்து, தடவித் தடவி ஏறினார். துணைக்கு வா என்று அக்கா கேட்டதால் நான் பின்னால் இருந்தேன்.

மலை உச்சியைத் தாண்டியதும் அண்ணை இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா கண்ணாடியைப் பார்த்து, இடதை ஒருதரம் இழுத்தார். வளைவுக்கு முன் இன்னொருதரம். இஞ்சின் சத்தம் உயர்ந்து சீரானது. மரங்கள் இருபக்கமும் ஆறுதலாக நகர்ந்தன. அண்ணையின் கைகள் தளர்ந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மலை அடிவாரத்தில் அக்கா வீட்டுப் பக்கம் சிக்னல் போட்டார்.

"இப்ப வீட்டை போகாதையும், ராணி. இன்னொருக்கா ஏறி இறங்குவம்."

அன்று ஐந்துதரம் ஏறி இறங்கினோம். பாஸ் பண்ணிய மாணவி ஓட்ட, பின் இருக்கையில் தலைசுற்றி வாந்தி வந்த ஒரே டீச்சர் லண்டனில் நானாகத்தான் இருப்பேன்.