“முழுகாம இருக்கேன் மிஸ்”

இரத்தினபுரிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்ரே அறையில் எனக்கு இரட்டை வேலை. வரிசையில் நிற்பவர்களுக்குப் படம் எடுக்க வேண்டும். படமெடுக்கப் பழக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்க வேண்டும். ஒன்றைப் பார்த்தால் மற்றதைக் கோட்டை விட்டுவிடுவேன்.

அன்று என்னோடு இருந்தது ஒரு சிங்களப் பிள்ளை. கெட்டிக்காரி, கொஞ்சம் தமிழும் பேசுவாள். தோட்டத்துப் பெண்களிடம் கேட்க வேண்டியதைத் தமிழிலேயே, அவள் வாசிக்கும்படி சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். ‘கடைசியாக மாதவிடாய் வந்தது எப்போது?’ என்பது முதல் கேள்வி. சுத்தமான தமிழ் என்று எனக்குப் பெருமை வேறு!

இறப்பர் மலையில் வழுக்கி விழுந்து, இடுப்பு வலியோடு ஒரு பெண் வந்தாள். பிள்ளை தாளைப் பார்த்துக் கேட்டாள். கதவருகே மாமனார் நின்றதால் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் முழுகாம இருக்கேன் மிஸ்.”

“பரவாயில்ல அக்கா, எக்ஸ்ரே முடிச்சி வீட்டுக்குப் போய் குளிங்க.”

என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. முந்தைய ஆளின் படத்தில் மூழ்கிக் கிடந்தேன். பிள்ளை அவளைப் படுக்க வைத்துவிட்டு, தடுப்புக்குப் பின்னால் என்னருகில் வந்து பொத்தானை அழுத்தினாள். முதல் அழுத்துக்குக் கருவி உறுமும். இரண்டாவதுக்குத்தான் கதிர் போகும். உறுமல் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தோட்டத்தில் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்றால், வயிற்றில் பிள்ளை தரித்திருக்கிறது என்று அர்த்தம்.

“எபா! எபா!” வேண்டாம் என்று சிங்களத்தில் கத்தி, அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

திரையைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். கதிர் போகவேயில்லை. அப்பாடா! நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

பிறகு அவளைத் திட்ட வாயெடுத்தேன். பாதியில் நின்றுவிட்டது. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள் நான். அம்மா வாயில் நூறு தடவை கேட்ட பேச்சை விட்டுவிட்டு, பத்திரிகைத் தமிழை எழுதிக் கொடுத்தவளும் நான்தான். வெட்கமாக இருந்தது.

அந்தப் பெண்ணை எழுப்பி உட்கார வைத்தோம். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு கரு தங்கியிருக்கிறதாம். ஒரு படம் எடுத்திருந்தாலும் குடி முழுகியிருக்காது என்று எனக்குத் தெரியும். ஏழு வருஷம் காத்திருந்தவளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்! விழுந்தவளாயிற்றே என்று டொக்டரிடம் பேசி ஸ்கேனுக்கு அனுப்பினோம். பழக வந்த பிள்ளை கூடவே போய், திரும்பி ஓடிவந்து, அழுதுகொண்டே சிரித்தாள். குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருந்ததாம்.

நான் அந்தப் பெண்ணிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

“நான்தான் சொன்னேனே மிஸ். அவங்க பரவாயில்லன்னாங்க. ஆஸ்பத்திரில சொன்னா சரியாத்தானே இருக்கும்னு படுத்துட்டேங்க.”