ரெக்ஸ்டேலில் ஒரு பிஜி வீடு விற்ற கதை

முகத்தைப் பார்த்தே ஆளின் ஊரைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கொரு கர்வம் உண்டு. வீடு விற்றுக் கொடுக்கிற தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். கதவைத் திறக்கிறவரைக் கண்டதும் இவர் கராச்சியா, கயானாவா, கோயம்புத்தூரா என்று மனதுக்குள் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுவேன். யாழ்ப்பாணத்து ஆள் என்றால் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்தே ஒட்டுவேன். கனடாவில், ரெக்ஸ்டேலில் அந்த ஒரு வீட்டில்தான் நன்றாக மூக்குடைபட்டேன்.

கதவைத் திறந்தவருக்கு எழுபது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு. பின்னால் சுவரில் பெரிய முருகன் படம். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? "வணக்கம் ஐயா, எந்த ஊர் நீங்கள்?" என்று வாய் நிறையக் கேட்டேன். அவர் சங்கடத்தோடு சிரித்து, தனக்குத் தமிழ் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து பேஸ்மென்ற் படியால் ஒருவர் ஏறி வந்தார். நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வரவேண்டிய உயரம், கதவை அடைக்கிற தோள், அடர்ந்த சுருட்டை முடி. ஜமேக்கா என்று ஒட்டினேன். அவரோ நேரே குசினிக்குப் போய், வீட்டுக்கார அன்ரியிடம் சரளமான ஹிந்தியில் ஏதோ கேட்டார். அன்ரி அதே ஹிந்தியில் ஏசிக்கொண்டே ஒரு கோப்பை பருப்பை அவர் கையில் திணித்தார். நான் முழிப்பதைப் பார்த்து, கதவைத் திறந்த அங்கிள் விளக்கினார்: மூவரும் பிஜித் தீவுக்காரர். தாங்கள் இந்திய வம்சம், கீழே குடியிருப்பவர் தீவின் பூர்வ குடி, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை.

அவர்கள் என்னோடு பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் எனக்கு எதுவும் என் தமிழில்தான் நினைவில் நிற்கும், அப்படியே எழுதுகிறேன்.

வீட்டை அளக்கப் போனவன் அன்று மூன்று தேத்தண்ணி குடித்து ஒரு நாட்டின் சரித்திரத்தையே கேட்டுவிட்டு வந்தேன். வெள்ளைக்காரனுக்குக் கரும்பு வெட்ட ஆள் தேவைப்பட்டது. இந்தியாவிலிருந்து ஐந்து வருட ஒப்பந்தத்தில் கப்பல் கப்பலாக ஏற்றினான், முதலில் கல்கத்தாவிலிருந்து, பிறகு மதராசிலிருந்தும். அங்கிளின் பூட்டன் மதராசில் ஏறியவர். தோட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஹிந்தி உருவாகியது. இரண்டு தலைமுறையில் தமிழ் போய்விட்டது, முருகனும் ரசமும் மிஞ்சினார்கள். ஒரு காலத்தில் தீவில் பூர்வ குடிகளைவிட இந்தியர்தான் அதிகம். ஆட்சிக் கவிழ்ப்புகள் வந்த பிறகு ஆயிரக்கணக்கில் வெளியேறினார்கள்.

"அப்ப ரெண்டு சாதி சனம்" என்றேன், பெரிய நிபுணன் மாதிரி.

அன்ரி என்னைக் கூட்டிக்கொண்டு போய் தன் கல்யாணப் படத்துக்கு முன்னால் நிறுத்தினார். "இவர் சீனாக்காரர், எங்கட கடைத்தெருவில கடை வச்சிருந்தவர். இவ ரொத்துமா எண்ட தீவு, எனக்குப் படிப்பிச்சவ. இவற்ற அப்பா வெள்ளை, அம்மா பிஜி. இதில நிக்கிறவர் சொலமன் தீவில இருந்து கரும்புக்குக் கொண்டுவந்த ஆக்களின்ர பேரன். இன்னும் எண்ணட்டோ?" வேண்டாம் என்றேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம்தான்.

வீடு ஒரு கிழமையில் விலைப்பட்டது. அன்ரிக்கு முழங்கால் வலி. மார்க்கம் என்ற இடத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் படி இல்லாத ஒரு வீடும் பார்த்தாயிற்று. வாங்க வந்தவர்கள் ஸ்காபரோவில் இருந்த இளம் தமிழ்த் தம்பதி. அவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. "அண்ணை, அம்மாவைக் கூப்பிடுறம். பேஸ்மென்ற் எம்ரியா, ஆக்கள் இல்லாமல் வேணும். திங்கக்கிழமைக்குள்ள நோட்டீஸ் குடுத்தாச் சரி, இல்லாட்டி நாங்கள் வேற இடம் பாக்கிறம்." நியாயமான கோரிக்கை. கீழே குடியிருப்பவருக்கு அறுபது நாள் நோட்டீஸ், அதில் அங்கிளின் ஒரு கையெழுத்து. என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன்.

அந்தக் கையெழுத்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலையாகிவிட்டது. முதல் நாள் போனேன், அங்கிளுக்குக் கண்ணாடி காணவில்லை. அடுத்த நாள் பேனை எழுதவில்லை. மூன்றாம் நாள் நானே புதுப் பேனை கொண்டு போனேன். அவர் கறிவேப்பிலைச் சாடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். எனக்குப் பொறுமை குறைவு. பின்னாலேயே போய் வெடித்துவிட்டேன்.

"அங்கிள், விக்க விருப்பமில்லாட்டி முகத்துக்கு நேரே சொல்லுங்கோ. என்னை ஏன் பைத்தியக்காரன் ஆக்கிறியள்?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னது இது.

பிஜியில் நிலத்தின் பெரும் பகுதி பூர்வ குடிகளின் குலங்களுக்குச் சொந்தம். விற்க முடியாது, குத்தகைக்கு விடலாம். அங்கிளின் அப்பா முப்பது வருடக் குத்தகையில் கரும்பு போட்டவர். நிலத்துக்காரக் குலத்தின் பெரியவரும் அவரும் சனிக்கிழமை தவறாமல் ஒன்றாக உட்கார்ந்து யங்கோனா குடிப்பார்கள். அது ஒரு மிளகுச் செடி இனத்தின் வேரை இடித்துக் கரைத்த தண்ணீர். முப்பது வருடம் முடிந்ததும் குத்தகை இனி இல்லை என்று அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டைக் கழற்றித் தகரமும் பலகையுமாக லொறியில் ஏற்றினார்கள். அப்பா மட்டும் வெறும் தரையில் பாய் விரித்து, ஒரு கட்டு யங்கோனா வேரை முன்னால் வைத்து, சிநேகிதர் வருவார் என்று மத்தியானம்வரை இருந்தார். கூப்பிடு தூரத்தில் வீடு. அவர் வரவில்லை. வேரை அங்கேயே விட்டுவிட்டு அப்பா லொறியில் ஏறினார்.

"எங்களைப் போகச் சொன்னது பிழையில்லை, நிலம் அவையின்ர. ஆனா அப்பாவின்ர சிநேகிதர் முகத்தைக் காட்டேல்லை. எங்களை ஒரு மனிசராயே மதிக்கேல்லை எண்டுதான் அப்பா சாகும்வரைக்கும் நினைச்சவர். நானும் அப்பிடித்தான் நினைக்கிறன். இப்ப நான் கீழ இருக்கிற இவனுக்குக் கடிதம் குடுக்கவோ?"

நாங்களும் ஊரை விட்டு வெளிக்கிட்ட ஆட்கள்தானே. ஆனால் தொழில்காரன் புத்தி சும்மா இருக்குமா? "அப்ப வெறும் கடிதம் வேண்டாம் அங்கிள், நேர போய் முகத்தைக் காட்டுங்கோ" என்றேன். பின்னால் அன்ரியின் குரல் கேட்டது: "வீடு விக்க நினைச்ச நாளில இருந்து நானும் இதைத்தான் சொல்லுறன்!"

சனிக்கிழமை பின்னேரம் அங்கிள் ஒரு கட்டு வேரோடு பேஸ்மென்ற் படியில் இறங்கினார். சொந்த வீட்டின் கீழ்த்தளத்துக்கு அவர் அப்படித் தயங்கித் தயங்கி இறங்கியதை இன்றைக்கும் மறக்கவில்லை. எல்லோரும் பாயில் சம்மணம் கட்டினோம். குடியிருப்பவர் தன்னிடமிருந்த யங்கோனாத் தூளை மரக்கிண்ணத்தில் கரைத்து, முதல் சிரட்டையை எனக்கு நீட்டினார். நான் யாழ்ப்பாணத்து மரியாதைப்படி, "ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்றேன். அவர்கள் முகம் தொங்கிப்போயிற்று. மரியாதைக்குச் சொன்னது என்று விளக்கி, பதறி வாங்கி, சூடான தேத்தண்ணி மாதிரி ஊதி ஊதி உறிஞ்சினேன். அன்ரி என் தொடையில் தட்டினார். ஒரே மூச்சில் குடிக்கவேண்டுமாம். சேற்றுத் தண்ணீரில் மிளகு போட்ட ருசி. ஐந்து நிமிடத்தில் என் நாக்கு மரத்துப்போயிற்று. நான் வாயை மூடியிருந்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை என்று அன்ரி பிறகு எல்லோருக்கும் சொன்னார்.

தான் கொண்டுவந்த வேரைக் குடியிருப்பவர் முன்னால் வைத்து அங்கிள் தலையைக் குனிந்தபடி பேசினார். வீட்டை விற்றதை, அவர் போகவேண்டியிருப்பதை, தன் அப்பா பாயில் இருந்த மத்தியானத்தை, எல்லாவற்றையும் சொன்னார். குடியிருப்பவர் மாட்டேன் என்று எழும்பினால் வீட்டு விற்பனையும் போய், சிநேகிதமும் போய்விடுமே என்று பயந்தேன்.

அவர் வேரைத் தொட்டு, கையைக் குவித்து மெதுவாக மூன்று தரம் தட்டினார். ஏற்றுக்கொண்டார் என்று அன்ரி என் காதில் சொன்னார். "போறன் அங்கிள். அதில ஒரு பிரச்சினையும் இல்லை" என்றவர் வேரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"எங்கட குலத்தின்ர நிலத்திலயும் ஒரு இந்தியக் குடும்பம் இருந்தது. அவை போகேக்கை எனக்கு எட்டு வயது. எங்கட அப்பாவும் வெளியில வரேல்லை. கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கு இருந்து அழுதவர். போனா அவையின்ர அலுமாரியைத் தூக்கி லொறியில ஏத்தவேணும், அது என்னால ஏலாது எண்டு அம்மாவிட்டச் சொன்னவர். மதிக்காமல் இல்லை அங்கிள். வெக்கம்."

அங்கிள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தபடியே இருந்தார். அன்ரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்தேன்; அதை மறைப்பானேன்?

"உன்ர அப்பா இன்னும் இருக்கிறாரோ?" என்று அங்கிள் கேட்டார்.

"ஓம். இப்ப அங்க ஞாயிறு மத்தியானம். சேர்ச்சால வந்திருப்பார்."

"போன் எடு."

திரையில் வெள்ளைத் தலையோடு ஒருவர் தெரிந்தார், மகனைப்போலவே தோள். அங்கிள் வணக்கம் சொல்லி, பூர்வ குடிகளின் மொழியில் பேசத் தொடங்கினார். அந்த மொழி அவர் வாயில் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முன்பின் கண்டிராத இரண்டு கிழவர்கள். ஒருவர் சிரிக்க மற்றவரும் சிரித்தார். பிறகு அந்தப் பக்கத்தவர் ஏதோ கேட்டார், கேட்டதையே திரும்பவும் கேட்டார்.

"என்ன கதைக்கினம்?" என்று மரத்த நாக்கால் மகனிடம் கேட்டேன்.

"எங்கட நிலத்தில இருந்த அந்தக் குடும்பத்தின்ர பேரைச் சொல்லி விசாரிக்கிறார். கனடாவுக்கு வந்திருக்கினம் எண்டு ஆரோ சொன்னவையாம். எங்கட ஆக்கள் இப்ப எங்க இருக்கினம், உனக்குத் தெரியுமோ எண்டு அங்கிளைக் கேக்கிறார்."